வரைபடத்தில் இல்லாத வட்டம்

முதல் குழியிலிருந்து எடுத்த மண்ணை, பரிசோதனைக்கு வந்திருந்த பெண் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். அரை அடி ஆழத்து மண், ஒரு அடி ஆழத்து மண், ஒன்றரை அடி என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. அவள் கையில் இருந்தது ஆளுயர இரும்புக் கம்பி. மேலே குறுக்கே ஒரு கைப்பிடி, கீழே திருகு. அதை மண்ணில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து நாலு சுற்றுச் சுற்றி மேலே இழுப்பாள். திருகின் இடுக்கில் ஒட்டிவரும் மண்ணைக் கட்டைவிரலால் வழித்து உருட்டுவாள். பிறகு அதைக் கயிறு போலத் திரித்து, எவ்வளவு நீளத்துக்கு அறாமல் வருகிறது என்று பார்ப்பாள். நாற்பது வயதிருக்கும். ரப்பர் காலணி, முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில். நான் பின்வாசல் படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டு மண்ணை வெளியாள் தோண்டிப் பார்க்கும்போது வீட்டுக்குப் பெரியவன் உள்ளே படுத்துக் கிடப்பது முறையல்ல.

இந்த ஏற்பாடு என் மகளுடையது. அவள் வேலை பார்ப்பது வேறு ஊரில். சென்ற மழைக்காலத்தில் என் மனைவி பின்முற்றத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்து, இப்போது நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மழை நின்று ஒரு மாதம் ஆனாலும் எங்கள் முற்றம் காய்வதில்லை. கால் வைத்தால் பஞ்சில் வைத்ததுபோல் அமுங்கும். ஜல்லி கொட்டி, துளையிட்ட குழாய் பதித்துத் தண்ணீரைத் தெருக் கால்வாய்க்கு விடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னார். மகள்தான் தடுத்தாள். “குழாய் போடறதுக்கு முன்னாடி மண்ணையும் நிலத்தடித் தண்ணியையும் பரிசோதிக்கணும்பா. எங்கிருந்து வர்ற தண்ணின்னு தெரியாம எதுக்குப் பணத்தைப் புதைக்கணும்?”

எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் என் தம்பி வீடு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவன் லாரி லாரியாக மண் அடித்துத் தன் முற்றத்தை இரண்டடி உயர்த்தினான். மேட்டில் பெய்கிற மழை பள்ளத்துக்கு வருகிறது. இதற்கு ஒரு பரிசோதனை வேண்டுமா? நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வரைவாளனாக இருந்து, தலைமை வரைவாளனாக ஓய்வு பெற்றவன் நான். மேடு எது, பள்ளம் எது என்று காகிதத்தைப் பார்த்தே சொல்வேன். மண் அடித்த அடுத்த வருடம் எங்கள் முற்றம் நாறத் தொடங்கியபோது தம்பி வீட்டு வாசலுக்குப் போனேன். அவன் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்த நாள் அது. பத்துப் பேர் முன்னால் சொன்னேன். “கூடப் பிறந்தவன் வீட்டுக்குள்ள உன் சாக்கடையைத் திருப்பி விட்டிருக்கே. இனி செத்தாலும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்.” தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாமல் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல் என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. நான் போகாத இடத்துக்கு அவள் போவதெப்படி? அவளும் போகவில்லை. அந்த அழைப்பிதழ் அவள் தலையணை உறைக்குள் வெகுநாள் இருந்தது எனக்குத் தெரியும்.

“மண்ணுக்காரம்மாவுக்குத் தேநீர் கொடுத்தீங்களா?” என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள். வந்த அரை மணி நேரத்தில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள். “நீங்க பாட்டுக்கு எதிர்ல உக்காந்து முறைச்சுப் பார்த்துட்டே இருந்தா அது எப்படி வேலை செய்யும்?”

“எனக்குப் பழக்கம்தாம்மா,” என்றாள் அந்தப் பெண், கம்பியைச் சுற்றியபடி. “எல்லா வீட்டுலயும் ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. மண்ணைத் திருடிட்டுப் போயிடுவேன்னு.”

மனைவி சிரித்தாள். இடுப்பு முறிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

முதல் குழி சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில். இரண்டாவது குழி மதிலோரம். இரண்டிலும் ஒரே கதைதான்: மேலே கரும்மண், அதன்கீழ் நாலடிக்குக் களிமண், அதற்கும் கீழே ஈரமணல். களிமண் மழையை உள்ளே விடாது, மணல் தண்ணீரை நிற்கவிடாது என்றாள். ஒரு குழியில் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகோலை விட்டு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் கால் அங்குலம்கூட இறங்கவில்லை. மூன்றாவது குழிக்கு அவள் நடந்த இடத்தைப் பார்த்ததும் என் முதுகு நிமிர்ந்தது. முற்றத்தின் நடுவே, எலுமிச்சை மரத்துக்கு இடது பக்கம், புல் மற்ற இடங்களைவிட அடர்ந்து கறுத்திருந்த இடம் அது.

“அங்க எதுக்கு? ரெண்டு குழி போதாதா?”

“மூணு இடத்துல மட்டம் தெரிஞ்சாத்தான் தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்ல முடியும் ஐயா. ரெண்டு வச்சு சொல்ல முடியாது.”

அது எனக்கும் தெரியும். மூன்று புள்ளி இல்லாமல் ஒரு தளத்தை வரைய முடியாது.

மூன்றாவது குழியில் களிமண் வரவில்லை. செங்கல் துண்டு வந்தது. அப்புறம் சுண்ணாம்புக் காரை, கரி, உடைந்த ஓடு. கம்பி எதிலோ இடித்து நின்றது. அவள் இடத்தை ஒரு முழம் தள்ளி மறுபடி சுற்றினாள். ஐந்தடியில் வெளிவந்த மண் சாம்பல் நிறமாக, கொழகொழவென்று இருந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு விரிப்பில் வைக்காமல், ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினாள்.

“இங்க முன்னாடி கிணறு ஏதாவது இருந்துச்சா ஐயா?”

“இல்லை,” என்றேன்.

எங்கள் வீட்டு வரைபடத்தைக் கேட்டாள். கொடுத்தேன். நான் என் கையால் வரைந்தது. சமையலறையை இடித்துக் கட்டியபோது அனுமதிக்காக வரைந்த படம். “எழுத்து எவ்வளவு அழகா இருக்கு,” என்று அதை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். அதில் எலுமிச்சை மரம் இருந்தது. மதில் இருந்தது. கழிவுத்தொட்டி இருந்தது. வேறெதுவும் இல்லை. உள்ளே நடைச்சட்டத்தின் கால்கள் தரையில் ஒருமுறை தட்டுகிற சத்தம் கேட்டது. மனைவி ஜன்னலருகே நின்றிருக்க வேண்டும்.

கிணறு இருந்தது. அப்பா இரண்டு கிணறு தோண்டியிருந்தார். ஒன்று ஆழமானது, கோடையிலும் வற்றாதது. மற்றது பழையது, பதினைந்தடிதான். பாகம் பிரித்தபோது அளந்தவனும் நான்தான், வரைந்தவனும் நான்தான். அண்ணன் கையில் அளவுகோல் இருந்ததால் நல்லதை எடுத்துக்கொண்டான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று, நல்ல கிணறு தம்பி பக்கம் விழும்படி கோட்டைப் போட்டேன். அந்தக் கோட்டைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வற்றிப்போன கிணற்றை வைத்துக்கொண்டு தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சமையலறையை இடித்தபோது அந்த இடிபாட்டையெல்லாம் அதில் கொட்டினேன். கழிவுத்தொட்டி அடிக்கடி நிரம்பிக்கொண்டிருந்தது. “இவ்வளவு அருமையான குழியை வச்சுக்கிட்டு எதுக்கு சார் வேற தோண்டணும்?” என்றார் கொத்தனார். தொட்டியிலிருந்து ஒரு குழாயை இதற்குள் விட்டு, மேலே பலகைக்கல் போட்டு, மண்ணைப் பரப்பிப் புல் நட்டுவிட்டார். தொட்டி அப்புறம் நிரம்பவே இல்லை. வரைபடம் வரைந்தபோது கிணற்றைக் குறிக்கும் வட்டத்தை விட்டுவிட்டேன். காகிதத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்று நம்புவது என் தொழிலில் இருப்பவர்களுக்கு வருகிற நோய். நான் அதை எவ்வளவு முழுமையாக நம்பினேன் என்றால், முற்றம் நாறியபோது எனக்கு அந்தக் கிணறு நினைவுக்கே வரவில்லை. தம்பிதான் நினைவுக்கு வந்தான்.

மூன்று குழிகளிலும் துளையிட்ட குழாயை இறக்கிவிட்டுப் போனவள், மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்தாள். குழாய்களுக்குள் நாடாவை இறக்கி, தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தாள். மூன்று குழாய் வாய்களின் உயரத்தையும், தண்ணீர் நிரப்பிய நீளமான ரப்பர்க் குழாயால் மட்டம் பார்த்து ஒன்றுக்கொன்று ஒப்பிட்டாள். அவள் எழுதிய எண்களைத் தலைகீழாகவே படித்தேன். மூன்றாவது குழியில் தண்ணீர் உயரம். மதிலோரம் தாழ்வு. தண்ணீர் எங்களிடமிருந்துதான் மதிலுக்கு அப்பால் போகிறது என்பது அவள் வாய் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது. தம்பி வீட்டில் ஏழரைக்குத் தொட்டி நிரப்புவார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற ஊர்க்குழாய் அவன் வீட்டில் இல்லை. அப்பா தோண்டிய கிணறு இருக்கும்போது குழாய் எதற்கு என்று இணைப்பே வாங்கவில்லை. அந்தப் பெண் மதிலைப் பார்த்தாள். பிறகு குனிந்து மதிலோரக் குழாயில் நாடாவை மறுபடி இறக்கினாள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை இறக்கினாள்.

“இங்க வாங்க ஐயா.”

நான் எழுந்து போனேன். நாடாவில் ஈரம் ஏறியிருந்த இடத்தைக் காட்டினாள். ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது.

“அங்க மோட்டார் ஓடினா இங்க தண்ணி இறங்குது. அடியில ஒரே மணல். அவங்க கிணறு உங்க தண்ணியை இழுக்குது.” பிறகு நடுக்குழியைக் காட்டினாள். “அம்மா இப்பத்தான் குளிச்சாங்க இல்ல? நடுக்குழியில அரை அங்குலம் ஏறிச்சு.”

பதினோரு வருடமாக அந்த வீட்டோடு எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

நாலு நாளில் ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது. இரண்டு பக்கக் காகிதம். அதிலிருந்த எண்களை அவள் எனக்கு விளக்கவில்லை. “மனுஷக் கழிவு,” என்று மட்டும் சொன்னாள். “வடிகால் போட்டா இதுதான் தெருவுக்குப் போகும். அதனால போட முடியாது. பக்கத்துக் கிணத்துக்குப் போகுதான்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும்.” ஒரு சின்னப் புட்டியைக் காட்டினாள். செங்கல் பொடி போன்ற தூள். தண்ணீரில் கரைந்தால் பளிச்சென்று பச்சையாகும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாள். எங்கள் கழிப்பறையில் அதைக் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். பீங்கானில் கொஞ்ச நேரம் இளம்பச்சை நின்று, சுழன்று, உள்ளே போயிற்று.

கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். “பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்திடறேன். கலர் வந்தா பயந்திடுவாங்க. வரலைன்னாலும் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது.”

“நில்லும்மா,” என்றேன். “அது என் தம்பி வீடு. எங்க குடும்பத்துச் சேதியை இன்னொருத்தர் வாயால சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் சொல்லிக்கறேன்.”

அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். “இன்னிக்கே சொல்லிடுவீங்களா ஐயா?”

“சொன்னா சொன்னதுதான்.”

அன்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு கடிதம் எழுதினேன். எழுத வராத ஆள் இல்லை நான். ஆனால் அதில் வந்து விழுந்ததெல்லாம் அலுவலக வாசகம்தான். தங்கள் கிணற்று நீரைத் தற்காலிகமாகப் பயன்படுத்த வேண்டாமென இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. மனைவி அதை வாங்கிப் படித்தாள்.

“தம்பிக்கு எழுதுறீங்களா, மேலதிகாரிக்கா? கீழ முத்திரை ஒண்ணுதான் பாக்கி.”

கிழித்துப் போட்டேன். மூன்றாம் நாள் சட்டை மாற்றிக்கொண்டு அவன் வெளிக்கதவு வரை போனேன். அவன் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் ஆள் இல்லை. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் போய் என்னவென்று சொல்வது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போது நெஞ்சில் ஒரு லேசான நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. என் நினைப்பெல்லாம் ஒன்றுதான். பத்துப் பேர் முன்னால் நான் சொன்ன சொல்லை எந்தப் பத்துப் பேர் முன்னால் திரும்ப எடுப்பது? எழுபத்து நாலு வயதில் ஒருவனிடம் மிச்சமிருப்பது அவன் சொல்தான். அதுவும் போனால் வீட்டின் பெயர் என்று எதைச் சொல்வது?

ஐந்தாம் நாள் பிற்பகல், மனைவி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நடைச்சட்டத்தின் கீழ் நான் இரண்டு பலகைகள் போட்டுக் கொடுத்திருந்தேன். மதிலுக்கு அப்பால் குழந்தை அழுதது. தம்பி மகள் நாலு மாதக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அது பெரிதாக அழவில்லை. நூல் மாதிரி, விட்டு விட்டு அழுதது. தம்பி மனைவியின் குரல் கேட்டது. “மூணு நாளா வயிறு நிக்கவே இல்லையே என் கண்ணுக்கு. வெந்நீர்லதானே பால் கலக்கறோம், அப்புறம் ஏன்?”

மனைவி துணியைப் பிடித்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் சொல்லிடவா? செவுத்துக்கு மேல ஒரு வார்த்தை.”

“வேண்டாம். இது என் வேலை.”

“அப்ப செய்யுங்க.”

நான் அசையவில்லை. அவள் நடைச்சட்டத்தை ஒவ்வொரு அடியாக நகர்த்தி என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள்.

“நான் இங்க விழுந்த அன்னிக்கு நீங்க ஓய்வூதிய ஆபீசுக்குப் போயிருந்தீங்க. தெருவுல போனவங்க தூக்கினாங்கன்னு சொன்னேன் இல்ல? தெருவுல போனவனுக்கு நான் பின்னாடி விழுந்து கிடக்கறது எப்படித் தெரியும்? ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?”

நான் யோசித்ததில்லை.

“உங்க தம்பிதான். செவுரேறிக் குதிச்சான். அறுபத்தெட்டு வயசுல. முழங்கால் வரைக்கும் இந்தச் சேத்துல நின்னு என்னைத் தூக்கினான். ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள போயிட்டான். அண்ணனுக்குத் தெரிய வேணாம் அண்ணி, அவருக்குச் சங்கடமா இருக்கும்னான்.” அவள் குரல் உயரவில்லை. “உங்க சங்கடத்தை இந்த வீட்டுல எல்லாரும் சுமந்தாச்சு. கைக்குழந்தையும் சுமக்கணுமா?”

நான் உள்ளே போய் பெட்டியைத் திறந்தேன். அடியில் பாகப்பிரிவினையின் வரைபடம் இருந்தது. மஞ்சள் ஏறிய துணிக்காகிதம். நடுவில் நான் போட்ட கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வட்டங்கள். அதையும் ஆய்வுக்கூடத்துக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டேன். சட்டை மாற்றவில்லை. மணி நாலு இருக்கும். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் எந்தக் கதவை நோக்கி நடக்கிறேன் என்று தெரிந்ததும் அவர் கை நின்றது.

கதவைத் தம்பியே வந்து திறந்தான். முழுதும் திறக்கவில்லை, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு. பதினோரு வருடத்தில் அவனுக்கு அப்பாவின் முகம் வந்திருந்தது.

“அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க,” என்றேன்.

“இப்ப கிணறும் உங்களுதா?” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தான்.

நான் காகிதத்தை விரித்தேன். எங்கள் பக்கத்து வட்டத்தின்மேல் விரலை வைத்தேன். அதற்குமேல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் உள்ளிருந்து தம்பி மனைவி குழந்தையைக் குளிப்பாட்டும் வெள்ளைத் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. “ஏங்க, காலையில பாசின்னு சொன்னீங்களே, இப்ப பாருங்க.” தொட்டியில் பாதித் தண்ணீர். அது துளிர் இலையின் நிறத்தில், கீழே விளக்கு வைத்தாற்போல் இருந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். தண்ணீர் தளும்பி அவள் காலில் சிந்தியது.

“அது விஷமில்லை,” என்றேன். “எங்க கழிப்பறையில போட்ட சாயம். என் வீட்டுக் கழிவு உங்க கிணத்துல கலக்குது. பழைய கிணத்தை மூடி, அதுக்குள்ள குழாயை விட்டது நான்தான். உன் பக்கத்துல இருந்து எதுவும் வரல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

தம்பி தொட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

“மூடினது தெரியும்,” என்றான். “கல்லு விழுற சத்தம் ரெண்டு நாள் கேட்டுச்சு. இந்த வரைபடம் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கிணத்துக்குள்ள குழாயை விட்டதுதான் தெரியாது.” பிறகு சொன்னான். “மதிலோரம் அப்பவே ஊறிக்கிட்டிருந்துச்சு. மழைத்தண்ணின்னு நினைச்சுத்தான் மண் அடிச்சேன்.”

அன்று அதைப் பத்துப் பேர் முன்னால் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

உள்வாசலில் அவன் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துப் பையோடு இருந்தவள். “குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல பெரியப்பா?” என்றாள்.

“இந்தக் காகிதத்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்பவே போங்க,” என்று ஆய்வுக்கூடத்து முடிவை நீட்டினேன். தம்பி வாங்கிக்கொண்டான். கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை நான் எங்கள் வாசலில் நின்றேன். மூன்று நாளுக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டிய வண்டி அது.

மறுநாள் அவன் கிணற்றை இறைக்கத் தொடங்கினான். பெரிய மோட்டார் வைத்து, குழாயைத் தெருக் கால்வாயில் போட்டிருந்தான். கால்வாயின் சரிவு எங்கள் பக்கம்தான். பச்சைத் தண்ணீர் எங்கள் வெளிக்கதவைத் தாண்டித் தெரு முனை வரை ஓடியது. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் உள்ளே போகவில்லை. நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன்.

“என்ன சார் இது, பெயிண்டைக் கொட்டிட்டாங்களா?” என்றார் தையல்காரர்.

“எங்க வீட்டுக் கழிவு. தம்பி கிணத்துல கலந்திடுச்சு. தப்பு எங்களுது.”

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார். அடுத்து வந்த பால்காரர் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். மாடி வீட்டு ஆசிரியை கேட்டாள். மாலைக்குள் பதினேழு பேருக்குச் சொல்லியிருந்தேன். முதல் ஆளுக்குச் சொன்னபோது இருந்த வலி பதினேழாவது ஆளிடமும் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

மண்ணுக்காரம்மா வந்தாள். பழைய வரைபடத்தை அவளிடம் கொடுத்தேன். வட்டத்தை அவள் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “நான் அன்னிக்கே அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கணும்,” என்று மட்டும் சொன்னாள். என்னை அல்ல, தன்னைச் சொல்லிக்கொள்வது போல. பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, புதிய வரைபடத்தில், எலுமிச்சை மரத்துக்கு இடது பக்கம் ஒரு வட்டம் போட்டாள். வடிகால் அப்புறம்தான். முதலில் அந்தக் கிணற்றைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். எலுமிச்சையும் போகும்.

தம்பி வீட்டுக்குக் குடிதண்ணீர் வேண்டுமே என்று, கிணறு இறைக்கத் தொடங்கிய அன்று காலையே எங்கள் குழாயில் ஒரு குடம் பிடித்து, இடுப்பில் வைத்துப் பழக்கமில்லாததால் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருவழியே நடந்து போய் அவன் கதவுக்கு வெளியே வைத்தேன். கூப்பிடவில்லை. மாலை வரை அது அங்கேயே இருந்தது. ஒரு இலை விழுந்து மிதந்தது. கடையிலிருந்து கேன் தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்தேன். மறுநாள் பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தேன். அதுவும் அங்கேயே இருந்தது. “சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு,” என்றாள் மனைவி. வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தையை ஒரு இரவு மருத்துவமனையில் வைத்து நீர் ஏற்றினார்கள் என்று மதிலுக்கு மேலாக அவளுக்குச் செய்தி வந்திருந்தது. அன்று மாலை அது அழுதது. நூல் போல இல்லை. நன்றாக, கோபமாக அழுதது. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அது முடியும்வரை கேட்டோம்.

மூன்றாம் நாளும் வைத்துவிட்டு வந்தேன். பகல் முழுவதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தபோது, குடம் எங்கள் படியில் இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீரை எடுத்துக்கொண்டார்களா, கொட்டிவிட்டார்களா என்று அதைப் பார்த்தால் தெரியவில்லை. கால்வாயில் பச்சை வெளிறி, கீழே கிடக்கும் கற்கள் தெரிந்தன. நான் குனிந்து குடத்தை நிமிர்த்தினேன். அதன் விளிம்பு இருந்த இடத்தில் படிக்கல்லின்மேல் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது.